பெட்டிக்குப் பின்னால் ஒரு சிவப்புச் சுவிட்ச்

கல்கந்தை தோட்டம், மேல் பிரிவு,
பசறை.
5.5.2002

அன்புள்ள பாமாவுக்கு,

நானும் கேசினியும் சுகம். நீ சுகமோ என்னவோ தெரியவில்லை. போன கடிதத்தில் 'சுகம்' என்ற சொல்லை மட்டும் அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறாய், தாளின் மறுபக்கம் வரை தடம் விழுந்திருக்கிறது. அப்படி எழுதினால் எனக்குப் பயம்தான் வருகிறது.

நீ போனபோது பிள்ளைக்கு விழுந்த முன்பல் இரண்டும் முளைத்து, இப்போது அதில்தான் கொய்யாக்காய் கடிக்கிறாள். உன்னைப் போலவே சரியான வாய்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை பதுளைக்குப் போனேன். அங்கே ஜுனைதீன் என்று ஒருவர் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிறார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன வேணும்?" என்றார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். "பாக்கிறதெண்டா உள்ளுக்கு வந்து பாருங்களேன்" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். மத்தியானம் வரை அதைவிட்டு நான் எழும்பவில்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய பச்சைத் தகடு, அதற்குப் போர்ட் என்று பெயர். அதன் மேலே மூளை. பக்கத்தில் ஞாபகம். அடிப்பதையெல்லாம் எழுதி வைக்க ஒரு டிஸ்க். மேல் மூலையில் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற சின்னப் பெட்டி. மொத்தமாக வாங்கினால்தான் நமக்குக் கட்டாது. பழையதாக ஒவ்வொன்றாகச் சேர்த்து நாமே பூட்டினால் கட்டும் என்கிறார்.

தோட்ட ஆபீசில் பதினோரு வருஷம் டைப்ரைட்டர் தட்டினவன் நான். கம்பியூட்டர் வந்த மாசமே எனக்கு வேலை இல்லை என்றார்கள். எனக்கும் அதைப் பழக்குங்கள் என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். வீம்பில் கேட்கவில்லை. அந்த வீம்புக்குத்தான் நீ இப்போது அங்கே யாரோ வீட்டுத் தரையைத் துடைக்கிறாய்.

பசறையில் தையல்கடை ஷுக்ரி தன் கடையின் முன்மூலையைத் தருகிறேன் என்கிறார். அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப்பத்திரம், பெட்டிஷன் என்று தமிழில் டைப் அடிக்க நம் சனம் பதுளைக்கு அலைகிறது. உன் ஒப்பந்தம் பெப்ரவரியில் முடிகிறது. அதற்குள் அந்த மூலையில் ஒரு கம்பியூட்டர் ஓடினால் நீ மறுபடி கையெழுத்துப் போட வேண்டியதில்லை. என் மனதில் இருப்பது இது ஒன்றுதான்.

உன்,
தர்மராசா

அம்மா, அப்பா சோத்துக்கு உப்புப் போட மறந்துட்டு கம்பியூட்டர் பத்திப் பேசுறாரு. — கேசினி


ரியாத்
9.6.2002

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. மூளை, ஞாபகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அரிசி வாங்கப் போய் மண்ணெண்ணெய் வாங்கி வந்தவர், ஞாபகத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார். படித்துச் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பிறகு யோசித்தேன்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். மேடத்தின் மூத்த மகன் புதுக் கம்பியூட்டர் வாங்கிவிட்டான். பழையதைக் குப்பையில் போடச் சொன்னார்கள். குப்பை போடுகிறவள் நான்தானே. எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள்.

திரை கிடையாது. டிஸ்க்கையும் ஞாபகத்தையும் மகன் கழற்றிக்கொண்டான். மற்றதெல்லாம், நீங்கள் சொன்ன பச்சைத் தகடும் கரண்ட் பெட்டியும், உள்ளே இருக்கின்றன. எழுதியதைப் பிளாப்பியில் பதிந்து வெளியே எடுக்கிற வாய் மட்டும் இல்லை. வீட்டுச் சின்னவன் அதற்குள் பேரீச்சங்கொட்டையைத் திணித்ததால், போன வருஷமே கழற்றி எறிந்துவிட்டார்கள். தூசி போகாமல் இருக்க அந்த ஓட்டையில் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

துணி அயன் பண்ணுகிற அறையில் பிளக்கில் போட்டுப் பார்த்தேன். விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. இந்த வீட்டில் எனக்கென்று ஓடிய ஒரே சாமான் அதுதான். இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மேடம் கூப்பிட்டார்.

பக்கத்து வீட்டில் வேலை செய்கிற பதுளை ஹம்ஸியா ஆகஸ்டில் ஊருக்கு வருகிறாள். தன் போர்வைகளை விட்டுவிட்டு இதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். இங்கே போனுக்குப் பூட்டு, உங்களுக்குத் தெரியும். கடிதம் போடுகிற டிரைவர் மர்ஸூக் நானாவும் லீவில் பண்டாரவளைக்குப் போய்விட்டார். ஆகவே கடிதம் பிந்தினால் பயப்பட வேண்டாம்.

பிள்ளைக்குத் தலை சீவும்போது இழுக்காதீர்கள்.

உங்கள்,
பாமா


கல்கந்தை தோட்டம்
8.9.2002

அன்புள்ள பாமாவுக்கு,

பெட்டி வந்துவிட்டது. ஹம்ஸியாவை பதுளை பஸ் ஸ்டாண்டில் பார்த்து வாங்கிக்கொண்டேன். பசறை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சண்டை நின்றுவிட்டதால் பாதையில் இப்போது சோதனைச் சாவடி இல்லை, யாரும் திறக்கச் சொல்லவில்லை. யாராவது திறக்கச் சொன்னால் உள்ளே இருப்பதையெல்லாம் பேர் சொல்லி விளக்கலாம் என்று ஆசையாக இருந்தேன்.

டிஸ்க்கும் ஞாபகமும் ஜுனைதீனிடம் வாங்கினேன். திரை பண்டாரவளையில் ஒரு டியூஷன் மாஸ்டர் விற்றது, ஒரு மூலை மஞ்சளாகத் தெரியும். இதற்காகச் சிவலைப் பசுவைக் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே, அது எனக்கு ஒருநாளும் ஒழுங்காகப் பால் தந்ததில்லை, உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் நானே பூட்டினேன். பழைய டூத் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தூசி தட்டினேன். அட்டை ஒட்டின இடத்தைத் தொடவில்லை, உன் கை வேலை அப்படியே இருக்கட்டும். ஞாபகம் முதலில் உள்ளே போகமாட்டேன் என்றது. திருப்பிப் போட்டேன், 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

"கரண்ட் குடுக்க முந்தி எங்கிட்ட ஒருக்கா கொண்டாங்க, பாத்துத் தாரன்" என்றார் ஜுனைதீன். தலையாட்டிவிட்டு வந்தேன், ஆனால் கொண்டுபோகப் போவதில்லை. முதல் தடவை இது என் கையால்தான் ஓட வேண்டும். ஒக்டோபர் பதினைந்து விஜயதசமி. பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாள். அன்றைக்கே இதையும் தொடங்கலாம் என்று நாள் வைத்து, லயத்து வீடுகளில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ஷுக்ரியிடமும் சொல்லிவிட்டேன்.

பெப்ரவரிக்கு இன்னும் ஐந்து மாசம்தான்.

உன்,
தர்மராசா

அம்மா, பெட்டிக்கு நான் சட்டை தைச்சிருக்கேன். ஷுக்ரி மாமா துணி குடுத்தாரு. — கேசினி


ரியாத்
27.9.2002, வெள்ளி

அத்தான்,

அவசரமாக எழுதுகிறேன். மர்ஸூக் நானா லீவு முடிந்து இன்றைக்குத்தான் வந்தார். பெட்டி அனுப்பியதைச் சொன்னேன். "பின்னால இருக்கிற சிவப்புச் சுவிட்சை மாத்தச் சொன்னீங்களா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

பெட்டிக்குப் பின்னால், கரண்ட் வயர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், நகம் அளவுக்கு ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அதில் 115 என்று தெரியும். இந்த வீட்டுச் சுவரில் வருகிற கரண்ட் நம் ஊர்க் கரண்டில் பாதிதானாம். அதனால்தான் இங்கே நான் போட்டபோது நன்றாக ஓடியது. அதை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் 230 பக்கம் தள்ளிவிட்டுத்தான் நம் ஊரில் பிளக்கில் போட வேண்டும். தள்ளாமல் போட்டால் வெடித்துவிடுமாம்.

உங்கள் கடிதம் இன்னும் வராததால், எப்போது தொடங்கப் போகிறீர்கள் என்று தெரியவில்லை. போனில் சொல்ல ஊரில் யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. கடிதம் அதற்கு முன்னே வந்துசேர வேண்டும். நல்ல நாள் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அந்த வழக்கம் இந்த ஒரு தடவை நம்மைக் காப்பாற்றட்டும். மர்ஸூக் நானா இப்போதே போஸ்ட் ஆபீசுக்குப் போகிறார்.

பாமா


கல்கந்தை தோட்டம்
16.10.2002

பாமா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பெட்டியை மேசையில் வைத்து சந்தனம், குங்குமம் வைத்தோம். சுண்டல் அவித்திருந்தேன். லயத்துச் சனம் நம் வீட்டுக் காம்பரா வாசலில் அடைத்துக்கொண்டு நின்றது. கேசினி குளித்துப் புதுச்சட்டை போட்டிருந்தாள். நல்ல நேரம் வந்ததும், பிள்ளையைத்தான் சுவிட்சைப் போடச் சொன்னேன்.

ஒரு வெடிச்சத்தம். பின்னாலிருந்து நெருப்பு பளிச்சென்று வந்து போனது. அது அப்படித்தான் தொடங்கும் என்று நினைத்து சனம் கைதட்டியது, பாமா. புகை வந்து, லயம் முழுக்கக் கரண்ட் போன பிறகுதான் கைதட்டு நின்றது. கேசினி சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். "நான் என்னப்பா செஞ்சேன்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சுண்டலை யாரும் சாப்பிடவில்லை.

இன்றைக்குப் பதுளைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஜுனைதீன் திறக்கக்கூட இல்லை, பின்னால் திருப்பிப் பார்த்தார். "இந்தச் சிவப்புச் சுவிட்சை மாத்தல்லியா? அதுக்குத்தானே கொண்டாங்க எண்டன்" என்றார். பிறகு திறந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். போர்ட் போய்விட்டது. டிஸ்க்கும் போய்விட்டது. ஞாபகம் மட்டும் மிச்சம் என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ வாங்கிக் கொடுத்தார்.

என் வீம்புதான். தோட்ட ஆபீசில் காட்டிய அதே வீம்பு.

நாளைக்கு இதைத் தபாலில் போடுகிறேன்.

தர்மராசா

22.10.2002. இதை இன்னும் போடவில்லை. இன்றைக்கு உன் 27ஆம் திகதிக் கடிதம் வந்தது. நல்ல நாள் பார்க்கிற வழக்கம் நம்மைக் காப்பாற்றட்டும் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வாரம் பிந்தி வைத்திருந்தால் காப்பாற்றியிருக்கும். முதலிலேயே சொல்லாமல் விட்டேனே என்று நீ உன்னையே அடித்துக்கொள்வாய். அது மட்டும் இல்லை, வெடித்தது தெரிந்தால் நீ மறுபடி கையெழுத்துப் போட்டுவிடுவாய். இந்தக் கடிதத்தை நான் போடப் போவதில்லை.


கல்கந்தை தோட்டம்
10.11.2002

அன்புள்ள பாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கம்பியூட்டரில் அடிக்கிறேன். எழுத்துகள் அழகாக வருகின்றன. டைப்ரைட்டர் போல விரல் வலிக்கவில்லை.

உன் கடிதம் நேரத்துக்கு வந்தது. சிவப்புச் சுவிட்சை மாற்றிவிட்டுத்தான் தொடங்கினேன். விஜயதசமி அன்று சனம் கைதட்டியது. ஷுக்ரியின் மூலையில் மேசை போட்டாயிற்று. வேலை வரத் தொடங்கியிருக்கிறது. பிரிண்டர் இன்னும் வாங்கவில்லை. அடித்ததைப் பிளாப்பியில் பதிந்து, ஜுனைதீன் கடைக்குக் கொண்டுபோய் அச்செடுத்துக்கொள்கிறேன்.

இனி நீ எதற்கும் யோசிக்க வேண்டாம். பெப்ரவரியில் வந்துவிடு.

இப்படிக்கு,
தர்மராசா


ரியாத்
3.12.2002

என் அத்தானுக்கு,

அச்சடித்த கடிதத்தை மர்ஸூக் நானாவிடம் காட்டினேன், ஹம்ஸியாவுக்குப் பதிலாக வந்திருக்கிற பெண்ணிடம் காட்டினேன், சமையலறை ஜன்னலில் வைத்து நானே பார்த்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் அடித்தது என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதற்கென்ன.

நேற்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். பெப்ரவரியோடு போகிறேன், இனிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று. மேடத்தின் முகம் மாறிவிட்டது. மாறட்டும். இரண்டு வருஷமாக நான் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். இனிக் கவலையில்லை.

பிள்ளைக்கு எந்த அளவில் செருப்பு வாங்குவது? காலைத் தாளில் வைத்துக் கோடு போட்டு அனுப்புங்கள். நான் வந்ததும் ஷுக்ரி கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைப்பேன், நீங்கள் பக்கத்தில் டைப் அடியுங்கள். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வரலாம்.

கேசினி இந்தத் தடவை ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமா?

உங்கள்,
பாமா


ரியாத்
10.1.2003, வெள்ளி

அன்புள்ள அத்தானுக்கு,

பத்து நாள் நம்பினேன். பதினோராம் நாள் உங்கள் அச்சுக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பிளாப்பியில் பதிந்து கொண்டுபோனேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பெட்டியில் பிளாப்பி வாய் இல்லை, அத்தான். அந்த ஓட்டையில் அட்டை வெட்டி ஒட்டியது நான். அதைத் தொடவில்லை என்று எழுதியது நீங்கள்.

புதிதாக வாங்கிப் பூட்டியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒரு ஸ்க்ரூ வாங்கினாலும் எனக்கு அரைப் பக்கம் எழுதுகிற ஆள் நீங்கள். பிள்ளை ஏன் எழுதவில்லை என்றும் அப்போதுதான் விளங்கியது. அவளுக்குப் பொய் எழுத வரவில்லை.

என் கடிதம் பிந்திவிட்டது. வெடித்துவிட்டது. அவ்வளவுதானே?

வெடித்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. நீங்களே எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மர்ஸூக் நானாவிடம் கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல தங்கச்சி" என்று அவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் என்னைக் கண்டாலே தலையைக் குனிய ஆரம்பித்தார். 'எரிந்துபோய்விட்டது, இருந்தாலும் நீ வா' என்று ஒரு வரி வந்திருந்தால் வந்திருப்பேன். கஞ்சியோ கூழோ என்று வந்திருப்பேன். நீங்கள் எழுதவில்லை. அந்த மூலையும் இல்லை, வேலையும் இல்லை, வீட்டில் பசுவும் இல்லை, அதைச் சொல்லவும் உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் நான் எதை நம்பி வருவது?

போகிறேன் என்று நான் சொன்னதும் மேடம் வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டார். புதுவருஷம் பிறந்ததும் நான் போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். இடையில் லீவு கேட்கக் கூடாது என்ற பேச்சில் ஒத்துக்கொண்டார். நேற்றுக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் இரண்டு வருஷம். கடவுச்சீட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பிள்ளைக்குச் செருப்பு வாங்கிவிட்டேன். அளவு தெரியாமல் வாங்கினேன். இப்போது பெரிதாக இருந்தாலும் வைத்திருங்கள், வளர்ந்துவிடுவாள்.

இனிக் கம்பியூட்டரைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

சத்தியபாமா


கல்கந்தை தோட்டம்
16.1.2003

என் பாமாவுக்கு,

நேற்றுப் பொங்கல். பொங்கிவிட்டு கேசினியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். "அம்மாக்கிட்ட எப்பப்பா சொல்லுவீங்க?" என்று கேட்டாள். மூன்று மாசமாக அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியது அதுதான்.

கம்பியூட்டர் ஓடவில்லை. விஜயதசமி அன்றே வெடித்து எரிந்துபோய்விட்டது. உன் கடிதம் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. அச்சடித்த கடிதத்தை ஜுனைதீன் கடையில் உட்கார்ந்து அவருடைய கம்பியூட்டரில் அடித்தேன். அதை அடித்து முடித்தபோது அவர் என்னிடம் ஒன்றும் வாங்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. ஷுக்ரியின் மூலையில் இப்போது ஒருவர் கைக்கடிகாரம் திருத்துகிறார்.

நீ வர வேண்டும் என்றுதான் பொய் சொன்னேன். உன்னிடமிருந்து கடைசியாக வந்தது டிசம்பர்க் கடிதம்தான். அதில் ஒரே பஸ்ஸில் போய் வரலாம் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு உண்மையை எழுதத் துணிவு வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நாளைத் தள்ளினேன். அன்றைக்கே எழுதிப் போடாமல் வைத்திருந்த கடிதத்தையும் இதனோடு வைக்கிறேன். அதைப் படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்க் கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டேன். திங்கள் முதல் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலை. ஆபீஸில் டைப் அடித்தவன் கத்தி பிடிக்கிறானா என்று பார்க்கச் சனம் வரும். வரட்டும். கையில் கொப்புளம் வந்தால் வரட்டும். வீட்டில் ஒன்றும் இல்லை, பாமா. காட்டுவதற்கு ஒரு சாமான் இல்லை. இருந்தாலும் நீ வா.

பெப்ரவரி கடைசியில் நானும் பிள்ளையும் கட்டுநாயக்காவுக்கு வந்து நிற்போம். எந்த விமானம் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மூன்று நாளானாலும் அங்கேயே நிற்கிறோம். ஷுக்ரியிடம் சாப்பாட்டுக் கேரியர் இரவல் கேட்டிருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பதில் வரும் நேரத்தில் நீயே வந்துவிடலாம்.

உன்,
தர்மராசா

அம்மா, சுவிட்சைப் போட்டது நான்தான். அப்பாவைத் திட்டாதீங்க. தாளில் என் கால் வரைஞ்சு வச்சிருக்கேன். — கேசினி